சோமசேகரத்தாரின் அட்டைக் கயிறு

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டாரும் அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் நான் வைத்த பெயர்களை இங்கே எழுதினால் அச்சடிக்கிறவர்கள் வெட்டிவிடுவார்கள். ஆகவே சோமசேகரத்தார் என்றே எழுதுகிறேன். மரியாதையில் அல்ல, வேறு வழியில்லாமல்.

பிறந்தது கந்தளாய்ப் பக்கம். படித்து, வயலை அண்ணன்மாருக்கு விட்டுவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியக் கிளாக்கராக முப்பத்தொரு வருசம் இருந்தார். பென்சன் எடுத்த பிறகு பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு முன்வீட்டில் இருந்தார். கலியாணம் கட்டவில்லை. சாமான் எண்ணிப் பழகின மனிதர். ஆட்களையும் எண்ணுவார். யார் எந்தத் தட்டில் என்று அவருக்குக் கணக்கு இருந்தது. நாங்கள் கீழ்த்தட்டு. அப்பா புல்மோட்டைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர். அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். என் பள்ளிக்கூடம் தொண்ணூறில் அகதி முகாமாக மாறியது. எட்டாம் வகுப்போடு நான் இடியப்ப உரலுக்குப் பதவி உயர்வு பெற்றேன்.

அவருடைய அட்டை நோய் அறுபத்தெட்டில் தொடங்கியதாம். ஒரு நோர்வேக் கப்பலின் பெட்டி ஒன்று காணாமல் போய், இவர் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்த மார்கழியில் கப்டன் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினான். கப்டனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முழங்கால் வரை பனியில் நிற்கிற படம். பின்பக்கத்தில் ‘மிஸ்டர் சோமசேகரம்’ என்று கையால் எழுதியிருந்தது.

அவ்வளவுதான், மனிதர் கெட்டுப் போனார். அடுத்த வருசத்திலிருந்து நாட்டில் உள்ள எல்லாப் பெரிய ஆட்களுக்கும் வாழ்த்து அட்டை அனுப்பத் தொடங்கினார். மந்திரிமார், எம்பிமார், கிரிக்கெட் ஆடுகிறவர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், கடல் கடந்து சென்னையிலுள்ள சினிமா நடிகர்கள் வரை. பொங்கலுக்கு ஒன்று, சித்திரை வருசத்துக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று. அவர்களுடைய காரியதரிசிமார், பாவங்கள், திருப்பி அனுப்பினார்கள். முன்பக்கத்தில் தலைவர் சிரிக்கிற படம். உள்ளே அச்சடித்த வாழ்த்து. கீழே ரப்பர் முத்திரையில் கையெழுத்து. சோமசேகரத்தார் என்ற பெயர் ஒன்றிலும் இருக்காது.

முன்விறாந்தையில் நைலோன் கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தார். உடுப்புக் காயப்போடுகிற கவ்விகளால் எல்லா அட்டைகளும் அதில் தொங்கும். மந்திரிமார் நடுவில், எம்பிமார் இரு பக்கமும், சினிமாக்காரர் தூணோரம். தபால்காரர் கலீலுர் றஹ்மான் காலை பத்து மணிக்கு மணியடித்தால் சோமசேகரத்தார் வேலிப் படலைக்கு வந்து, உறையைக் கிழித்து, அந்த இடத்திலேயே நின்று சத்தமாக வாசிப்பார். தான் முதலில் வாசித்துப் பார்ப்பதெல்லாம் இல்லை. ஒழுங்கைக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் செய்தி தெரிய வேண்டும். அது அவருடைய பெருமை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

சண்டை வந்த பிறகு இந்த அட்டைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு சுற்றிவளைப்பில் அவர் வீட்டுக்குள் நுழைந்த ஆமிக்காரன் கயிற்றில் தொங்கிய மந்திரியைக் கண்டுவிட்டு, சப்பாத்தைத் துடைத்து, “சொரி மாத்தயா” என்று சொல்லிப் போனானாம். இந்தக் கதையைச் சொன்னவர் சோமசேகரத்தாரேதான். ஆனாலும் பயத்தில் இருக்கிற சனம் எதையும் நம்பும். அன்றிலிருந்து விடியப்புறம் நாய் குரைத்து ட்ரக் சத்தம் கேட்டால், பெண்கள் அவர் வீட்டு விறாந்தைக்கு ஓடுவார்கள். வாசலுக்கு நேரே தொங்கவிட ஆளுக்கொரு அட்டை இரவல். மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூலையைத் தடவிப் பார்ப்பார். மஞ்சள் கறை பட்டிருந்தால் அடுத்த முறை ஒரு தட்டுக் குறைந்த ஆள்தான் கிடைக்கும். சிவகுருநாதன் மாஸ்டர் வீட்டுக்கு எப்போதும் மந்திரி. சைக்கிள் கடை இராசையாவுக்குக் கிரிக்கெட்காரர். எங்களுக்கு வானொலி அறிவிப்பாளர். அவர் முகத்தை எந்த ஆமிக்காரனுக்குத் தெரியும்?

தொண்ணூற்று மூன்றாம் வருசம், பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாய்கள் குரைத்தன. அண்ணன் தவராசாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. அந்த வயதில் ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் நாய்க் குரைப்புக்கு வேறு அர்த்தம். அம்மா மாக்கையோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

“ஐயா, இண்டைக்கு ஒரு மந்திரி தாங்கோ. தவா வீட்டில நிக்கிறான்.”

“மந்திரிமார் எல்லாம் போட்டினம் பிள்ளை. நேரத்துக்கு வந்திருக்க வேணும்.”

“அப்ப அந்தக் கிரிக்கெட்காரர்?”

“இராசையா கொண்டு போட்டான்.”

அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கயிற்றில் இரண்டு மந்திரிமார் சிரித்தபடி தொங்கினார்கள்.

“உங்க ரெண்டு பேர் நிக்கினமே ஐயா,” என்றேன்.

“அது என்ர வீட்டுக்கு. உனக்கு வாய் கூடிப்போச்சு,” என்றார். தூணோரம் போய் ஓர் அட்டையைக் கழற்றினார். “இந்தா, உவரைக் கொண்டு போங்கோ. உவருக்கும் பெரிய பேர்.”

சென்னை நடிகர். இந்த நடிகர் ஆறு வருசமாக அவருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வருசமும் புதுப் படத்தின் வேசத்தில். முருகனாக, இன்ஸ்பெக்டராக, டாக்டராக, ஏர் பிடித்த கமக்காரனாக, குருடனாக. நாங்கள் கொண்டுவந்தது ஆறாவது. அதில் அவர் காட்டுக் கொள்ளைக்காரன். பச்சை உடுப்பு, தாடி, கையில் துவக்கு. கீழே தமிழில் ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’.

சிரிக்காதீர்கள். விடியப்புறம் ஐந்து மணிக்கு, ஒழுங்கை முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போது, பெரிய ஆளின் படம் என்றால் பெரிய ஆளின் படம்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தத் துவக்கைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் அது சினிமாவாகத்தான் தெரிந்தது. அம்மா அதை வாசலுக்கு நேரே ஆணியில் மாட்டி, சேலைத் தலைப்பால் தூசி கூடத் துடைத்தார்.

வந்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சென்னைப் படமும் பார்த்தவனில்லை. பச்சை உடுப்போடும் துவக்கோடும் ஒரு தமிழன் எங்கள் சுவரில் நிற்கிறதைத்தான் கண்டான்.

“மே கவுத?” இது யார் என்று கேட்டான்.

“நளுவா, மாத்தயா. நளுவா,” என்றான் அண்ணன். நடிகர் என்று அவனுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்.

“நடிகன் என்னத்துக்குத் துவக்குப் பிடிக்கிறான்?”

அதற்குச் சொல்ல அண்ணனிடம் சிங்களம் போதவில்லை. அட்டையையும் அண்ணனையும் ஒரே ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா ஆமி முகாம் வாசலில் போய் நின்றார். படம் யார் தந்தது என்று கேட்டார்கள். முன்வீட்டு ஐயாவிடம் இரவல் வாங்கியது, அவரிடம் இதே நடிகரின் வேறு படங்களும் இருக்கின்றன, பார்த்தால் தெரியும் என்று அம்மா சொன்னார். பின்னேரம் இரண்டு ஆமிக்காரர் மொழிபெயர்க்க ஒருத்தனோடு ஒழுங்கைக்கு வந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

சோமசேகரத்தார் படலையில் நின்று கயிற்றைக் காட்டினார். தூணோரம் வெறுமையாக இருந்தது. மீதி ஐந்தையும் அதற்குள் கழற்றிவிட்டார்.

“என்ர கார்ட் எல்லாம் இஞ்சதான் தொங்குது. மந்திரிமார், எம்பிமார். நான் சினிமா பாக்கிறேல்லை. அந்தப் படம் எனக்குத் தெரியாது.”

அம்மா பொய்க்காரி ஆனார். அண்ணன் பொய்க்காரியின் மகன் ஆனான்.

ஒழுங்கைக்கு முழுவதும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் வீட்டில் மந்திரியை மத்தியானமே கறையில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா மட்டும் அடுத்த நாள் அவர் படலையில் போய் நின்றார்.

“ஐயா, அந்த அஞ்சு படத்தையும் கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஒரே முகம் எண்டு கண்ணில்லாதவனுக்கும் தெரியும்.”

“எந்த அஞ்சு படம்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அம்மா அழுதுகொண்டு வந்து இடியப்பம் பிழிந்தார். நான் அழவில்லை. பட்டணத்துக்குப் போய் மூன்று பட அட்டைகள் வாங்கிவந்தேன். ஒரு கிரிக்கெட்காரர், ஒரு நடிகை, அந்த நடிகர். கடைசிப் படத்தில் அவர் வேட்டியோடு சும்மா நின்றார், அதிசயமாக. இடது கையால் எழுதி, உறையிலிட்டு, பின்பக்கம் அவரவர் பெயரையும் ஊரையும் போட்டேன். கப்பலேறி வந்ததுபோல இருக்கட்டும் என்று தேயிலைத் தண்ணீர் கொஞ்சம் தெளித்தேன். நாளுக்கொன்றாக, முதலில் நடிகையை, தபால் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் கலீலுர் றஹ்மான் எங்கள் வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார். கிண்ணியாக்காரர், எனக்கு ‘நானா’, அண்ணன் முறை. எங்கள் இடியப்பத்துக்குப் பழைய வாடிக்கை.

“என்ன புள்ள, மெட்ராஸ்ல இருந்து நடிகை எழுதுறா, முத்திரை திருகோணமலைல குத்தியிருக்கு?”

“நடிகை கோணேசர் கோயிலுக்கு வந்தவவாம், நானா.”

“ஓ, வந்திருப்பா, வந்திருப்பா. போற வழில பாலையூத்துல இடியப்பமும் திண்டிருப்பா.” சிரிக்காமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு எதிர்ப்படலையில் போய் வழக்கத்தைவிட நீளமாக மணியடித்தார்.

சோமசேகரத்தார் வந்தார். உறையைக் கிழித்தார். கப்டனுக்குப் பிறகு முதன்முறையாகக் கையால் எழுதிய அட்டை, தன் பெயர் போட்டு. முத்திரையைப் பார்க்கவில்லை. குரல் மாஸ்டர் வீடு வரை போனது.

“அன்புள்ள சோமசேகரம் ஐயா அவர்களுக்கு! உங்களுக்கும் உங்கள் அயலவர்க்கும் எனது இனிய பொங்கல் வாழ்த்துகள். உங்கள் அன்பை நான் ஒருநாளும் மறவேன். உங்கள் முன்வீட்டுப் பிள்ளை தவராசா முகாமிலிருந்து வந்துவிட்டானா? நீங்கள் ஒளித்துவைத்த ஐந்து படங்களையும்...”

ஓடுகிற சைக்கிளைப் போல, பிறேக் பிடித்தும் அந்த வசனத்தின் முடிவு வரை போய்த்தான் நின்றார்.

“...எப்போது கொண்டுபோய்க் காட்டுவீர்கள்?”

இராசையாவின் கடையில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். மாஸ்டரின் மனைவி யன்னலைச் சாத்தினார். சோமசேகரத்தார் அட்டையை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மற்ற நாள் கிரிக்கெட்காரர். இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. படலையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். ஆனால் அதற்குள் ஒழுங்கைக்குப் பழகிப்போனது. “ஐயா, இண்டைக்கு ஆர் எழுதியிருக்கினம்? பெடியனைப் பற்றிக் கேட்டிருக்கினமோ?” என்று இராசையா கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். அதே இராசையா, கிரிக்கெட்காரரை இரவல் வாங்கிக்கொண்டு விடிய முன்னமே எங்களைத் தாண்டி ஓடினவர்.

மூன்றாவது, நடிகர். அதில் நான் இப்படி எழுதினேன்: ‘சோமசேகரம், ஆறு வருசமாக என் முகத்தை உமக்கு அனுப்பினேன். அதில் ஒன்று ஒரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தது. மிச்சத்தை ஒளித்துவைத்தீர். இனி உமக்கு அனுப்ப என்னிடம் முகம் இல்லை.’

அதை வாங்கினவர் நேரே எங்கள் வேலிக்கு வந்தார். நெற்றியில் விபூதிகூட இல்லை.

“நீதானே எழுதினனீ?”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஐயா. எட்டோடை விட்டனான்.”

“தேயிலை மணக்குது, நாயே.”

“நாய் குரைச்சால்தானே உங்கட வீட்டில அட்டை தருவினம்.”

அடிக்கக் கையோங்கினார். வேலி நடுவில் இருந்தது. கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“நீ சின்னப் பெட்டை, உனக்கு விளங்காது. தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். இப்ப ஓம், என்ரதான் எண்டு போய் நிண்டால் ஏன் பொய் சொன்னனீ எண்டு என்னையும் உள்ள போடுவாங்கள்.” தன் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். “கொம்மா வாசலில போய் நிக்கிறா, ஒவ்வொரு நாளும். என்னை உள்ள போட்டால் வாசலில வந்து நிக்க ஆர் இருக்கினம்? உந்த மந்திரிமாரோ?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு நல்ல பகிடி இருந்தது. ஏனோ வரவில்லை.

“நான் நிக்கிறன்,” என்றேன். “உங்களுக்காக இல்லை. அண்ணையை வாங்கிக்கொண்டு வாறதுக்கு.”

“உன்னை நம்பியோ?”

“வேற ஆர் இருக்கினம் எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்.”

பொங்கலன்று காலை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சோமசேகரத்தார் வெள்ளை வேட்டி கட்டி, பிஸ்கட் தகரப் பேணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கயிறு வெறுமையாக இருந்தது. நடிகரை மட்டும் கொண்டுபோனால் வேறுவிதமாக நினைப்பார்கள், எல்லாவற்றையும் காட்டினால் இது ஒரு கிழவனின் விசர் என்று தெரியும் என்றார். முகாம் வரை எங்களுக்குப் பத்தடி முன்னால் நடந்தார்.

வாசலில் எங்களை நிறுத்தி அவரை உள்ளே விட்டார்கள். மேசை வேப்பமரத்தின் கீழ் இருந்தது. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும். எல்லாம் தெரிந்தது. அதிகாரி பேணியைக் கவிழ்த்தார். மந்திரிமாரும் எம்பிமாரும் ஒரு குவியலாக விழுந்தார்கள். ஒருத்தருக்கும் சப்பாத்தைத் துடைக்கவில்லை. சோமசேகரத்தார் ஐந்து படங்களையும் பொறுக்கி எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். அதிகாரி ஆறாவதைக் கொண்டுவரச் சொல்லி ஓரத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். முருகனைப் பார்த்தார், கொள்ளைக்காரனைப் பார்த்தார், மறுபடி முருகனைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். மற்றவர்களையும் கூப்பிட்டார்.

அங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. பொய் சொன்னதற்குத் தண்டனையாம். ஒவ்வொரு அட்டையையும் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த அட்டையில் நடிகர் நிற்கிறதுபோல நிற்கச் சொன்னார்கள். அறுபத்திரண்டு வயது மனிதர், வெள்ளை வேட்டியோடு, வேலில்லாமல் முருகனாக நின்றார். சல்யூட் அடித்து இன்ஸ்பெக்டராக நின்றார். கண்ணை மூடிக் குருடனாக நின்றபோது அவர்கள் மிகவும் சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் மூடியபடியே நின்றார்.

மனதுக்குள் நான் அவரை இதைவிடக் கேவலமாக எத்தனையோ தரம் நிறுத்தியிருக்கிறேன். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள்ளு உள்ளங்கையில் குத்தியது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மணிக்கு அவரை விட்டார்கள். பேணியை விடவில்லை. அவர் திரும்பிப்போய் ஏதோ கேட்டார். அதிகாரி குவியலைக் கிளறி, பனியில் நிற்கிற கப்டன் குடும்பத்தின் படத்தை எடுத்துப் பார்த்தார். வெள்ளைக்காரனோடும் உனக்குத் தொடர்போ என்று கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு அதையும் பேணிக்குள் போட்டு மூடினார்.

வெளியே வந்தவர் அம்மாவிடம், “நாளைக்குக் காலமை வந்து கையெழுத்துப் போட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போகட்டாம்,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நன்றி சொல்வேன் என்று நினைத்தாரோ தெரியாது. நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. கொடுத்தவரும் அவர்தான், ஒளித்தவரும் அவர்தான். பாதித் தூரத்தைத் திரும்பி நடந்ததற்கு யாருக்கும் மாலை போடுகிறதில்லை.

அண்ணன் வந்தான். இடது காது கேட்காது. உள்ளே என்ன நடந்தது என்று சொல்லமாட்டான், நாங்களும் கேட்கமாட்டோம். கதைக்க வேண்டுமென்றால் வலப்பக்கம் போய் உட்காருவோம். ஒழுங்கை அவனுக்கு ‘நடிகர்’ என்று பெயர் வைத்தது. என் வாயிலிருந்து வராத பட்டப்பெயர் அது ஒன்றுதான்.

சோமசேகரத்தார் அதற்குப் பிறகு ஒருவருக்கும் அட்டை அனுப்பவில்லை. சித்திரை வருசத்துக்கும் இல்லை, நத்தாருக்கும் இல்லை. அனுப்பாதவருக்குக் காரியதரிசிமார் ஏன் அனுப்பப்போகிறார்கள்? கயிறு மட்டும் இருந்தது, கவ்விகளோடு. ஆனால் பத்து மணிக்குச் சைக்கிள் மணி கேட்டால் படலைக்கு வந்துவிடுவார். கலீலுர் றஹ்மான் முதலில் “இல்ல ஐயா” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். பிறகு பார்க்காமலே மிதித்துப் போகப் பழகிக்கொண்டார். என்னோடு சோமசேகரத்தார் கதைத்தது அந்த ஒரு வருசத்தில் இரண்டு முறை. ஒரு முறை எங்கள் ஆடு அவர் குரோட்டனைத் தின்றதற்கு. மற்ற முறையும் ஆடுதான்.

இந்தப் பொங்கலுக்கு ஒரு வெள்ளை மட்டையை வெட்டி இரண்டாக மடித்தேன். அண்ணனுக்கு அடையாள அட்டைக்காக எடுத்த படத்தில் ஒரு பிரதி மிச்சமிருந்தது. அதை முன்பக்கத்தில் ஒட்டினேன். உள்ளே எழுதும்படி அண்ணனைக் கேட்டேன். அவன் மாட்டேன் என்றான். அந்தாளுக்கோ என்று கேட்டான். அடுப்புச் சாம்பலைக் கிளறினான். பிறகு என் பேனையை வாங்கி ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டான். முத்திரை ஒட்டி நானே பெட்டியில் போட்டேன். இந்த முறை தேயிலைத் தண்ணீர் தெளிக்கவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. சோமசேகரத்தார் வந்து நின்றார். றஹ்மான் நானா சைக்கிளிலிருந்து இறங்கி, உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். மனிதர் முத்திரையைப் பார்த்தார், எங்கள் வேலியைப் பார்த்தார், பிறகு கிழித்தார். படத்தைக் கண்டார். மடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார். மாஸ்டர் வீடு வரை கேட்டது.

“திரு. சோமசேகரம் அவர்களுக்கு, பொங்கல் வாழ்த்து. இப்படிக்கு, க. தவராசா.”

இராசையாவின் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சோமசேகரத்தார் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய களஞ்சியக் கிளாக்கர்.

“கறுப்பு வெள்ளைப் படம். உதையெல்லாம் கயிற்றில போட ஏலாது.”

“கயிற்றில போடச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?” என்றேன்.

“ஓம், ஒருத்தரும் கேக்கேல்லை,” என்று சொல்லிப் படலையைச் சாத்தினார்.

அது கயிற்றில் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். கவ்விகள் வெறுமையாகத்தான் ஆடுகின்றன. ஆனால் போன கிழமை விடியப்புறம் நாய்கள் குரைத்து ட்ரக் சத்தம் கேட்டபோது, அவர் கதவு திறந்தது. வாசலுக்கு நேரே உள்சுவரில், மந்திரி தொங்கும் உயரத்தில், எங்கள் அண்ணன் இருந்தான்.